திரையிசை ஒலிபரப்பும் எல்லைப்புறத் தமிழும்

1. எல்லையும் அலையும்

சித்தூர் மாவட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியது. சித்தூர், திருப்பதி, காணிப்பாக்கம் ஆகியன ஆந்திரத்திலேயே நின்றன. தமிழில் 'பாக்கம்' என முடியும் காணிப்பாக்கத்தின் பெயர், தெலுங்கில் ஒற்றைக் ககரத்துடன் 'பாகம்' என எழுதப்படுகிறது. ஊர்ப்பெயரே இருமொழிச் சூழலுக்குச் சான்றாகும். இத்தகைய பகுதியில் வானொலி எம்மொழியைக் கொண்டுசேர்த்தது என்பது ஆராயத்தக்கது.

2. மூன்று நிலையங்கள்

1938 ஜூன் 16-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் தமிழ், தெலுங்கு இரண்டிலும் ஒலிபரப்பியது. தெலுங்கிற்கென விசயவாடா நிலையம் 1948 டிசம்பர் 1-இல் தோன்றியது. எனினும் சித்தூருக்கு விசயவாடாவைவிடச் சென்னையே அண்மையிலிருந்தது.

1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய இடத்தை வெகுவாகக் குறைத்தார். 1950-இல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அவ்விடத்தை நிரப்பியது. தென்னிந்திய நேயர்கள் கொழும்பின் சிற்றலைக்குத் திரும்பினர். அவர்களை மீட்கவே 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய பிற்கால இலங்கை அறிவிப்பாளர்களின் திருத்தமான உச்சரிப்பு, தமிழகத்திலும் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது.

3. சொல்லும் பொருளும்

பாடல்களுக்கிடையே ஒலித்த அறிவிப்புத் தமிழ் தனியொரு மொழிநடையாகும். அதன் கலைச்சொற்களைத் தெலுங்குடன் ஒப்பிட்டால் இரு மரபுகளின் போக்கு விளங்கும். தமிழின் 'ஒலிபரப்பு', தெலுங்கில் 'பிரசாரம்' எனப்படும். பரவுதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. ஆனால் தமிழில் 'பிரசாரம்' என்பது கொள்கை பரப்புதலையே குறிக்கும். அது வேறொரு வடசொல்லின் வழிவந்தது. பொருளால் ஒத்தவை வடிவால் வேறுபட, வடிவால் ஒத்தவை பொருளால் வேறுபடுகின்றன.

வானொலி கேட்போரைத் தெலுங்கு 'சுரோதலு', அஃதாவது கேட்பவர், என்கிறது. தமிழ் 'நேயர்' என்கிறது. 'நேயம்' அன்பைக் குறிப்பது. முன்னது செயலையும் பின்னது உறவையும் சுட்டுகின்றன. ஆகவே 'நேயர் விருப்பம்' என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இவ்வுறவுப்பொருள் மறைந்துவிடும்.

4. அலை குறுகியபோது

சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். மத்திய அலையும் மாவட்ட எல்லையை எளிதில் கடக்கும். பண்பலையோ பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால் குறுகிய வட்டத்துள் அடங்கும். சென்னையில் 1977 ஜூலை 23-இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் திருப்பதியிலும் பண்பலை வந்தது. அதன் முதன்மை மொழி தெலுங்கு.

மாநில எல்லை அலுவலக மொழியை மாற்றிய பின்னரும் வானொலி எல்லைப்புறத் தமிழருக்குப் பொதுத்தமிழை நாள்தோறும் வழங்கிற்று. ஆந்திரத்தில் 1966-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தெலுங்கிற்கு முதன்மை தந்தபோதும் அலைகள் பழைய வழியிலேயே வந்தன. ஒலிபரப்பு உள்ளூர்மயமானபோது அலையின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாயின. எனவே, சித்தூர்த் தமிழில் தெலுங்கின் தாக்கத்தை அளக்க முனைவோர், பள்ளியையும் சந்தையையும் நோக்குவதுடன், எந்தத் தலைமுறை எந்த அலைவரிசையைக் கேட்டு வளர்ந்தது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.