விடால் சோதனையும் இல்லாத டைபாய்டும்
டைபாய்டு கிருமியை 1880-இல் எபெர்த் கண்டறிந்தார். 1884-இல் காஃப்கி அதைத் தனியாக வளர்த்துக் காட்டினார். கிருமி தெரிந்தும், காய்ச்சலில் கிடப்பவருக்கு வந்திருப்பது டைபாய்டுதானா என்று சொல்ல அப்போது எளிய வழி இல்லை. எதிர்ப்பாற்றல் பெற்ற சீரம் கிருமிகளை ஒன்றாகத் திரள வைக்கும் என்று 1896-இல் வியன்னாவில் குரூபரும் டர்ஹமும் கண்டனர். அதே ஆண்டில் பாரிஸ் மருத்துவர் ஃபெர்னான் விடால் அதை நோயறியும் சோதனையாக்கினார்.

சிக்கலும் கூடவே வந்தது. சீரத்தைப் போதிய அளவு நீர்க்கச் செய்யாவிட்டால், நலமாக இருப்பவர் ரத்தத்திலும் கிருமிகள் திரளும். ஆல்ம்ரோத் ரைட்டின் டைபாய்டு தடுப்பூசியும் 1896-இல்தான் வந்தது. ஊசி போட்ட சிப்பாய்க்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் விடால் ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும் என்பது ராணுவ மருத்துவர்களுக்குப் பெரும் தலைவலி. பின்னர் வைலும் ஃபெலிக்ஸும் கிருமியின் O (உடல்), H (கசையிழை) ஆன்டிஜென்களைப் பிரித்தறிந்தது ஓரளவு கைகொடுத்தது: பழைய நோயும் தடுப்பூசியும் விட்டுச்செல்லும் H எதிர்ப்பொருள் நெடுநாள் தங்கும், O விரைவில் குறையும்.

பழைய குழாய் முறைக்கு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வந்தது ஸ்லைடு முறை. கண்ணாடித் தகட்டின் வட்டங்களில் ஒவ்வொரு சொட்டு சீரம். அதன்மேல் O, H, AH, BH (கடைசி இரண்டும் பாராடைபாய்டு A, B கிருமிகளுக்கானவை) என்ற நான்கு புட்டிகளிலிருந்து சாயமேற்றிய ஆன்டிஜென் ஒவ்வொரு சொட்டு. குச்சியால் கலக்கி, ஒரு நிமிடம் அசைத்து, வெளிச்சத்தில் மணிமணியாகத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சற்றே தாமதித்தால் விளிம்பு உலர்ந்து, அதுவே திரட்சிபோலத் தெரியும். சோதனையில் தவறில்லாவிட்டாலும் வேறு சால்மொனெல்லா வகைகள், மலேரியா போன்றவை ஏமாற்றும். டைபாய்டு மலிந்த ஊர்களிலோ, பலரது ரத்தத்தில் பழைய எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும்.

மருந்தில்லாத காலத்தில் பொய்யான பாசிட்டிவ் என்றால் கஞ்சியும் படுக்கையும்தான். 1948-இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிகால் டைபாய்டைக் குணப்படுத்திய பிறகு அந்தப் பிழையின் விலை ஏறிவிட்டது. எலும்பு மஜ்ஜையைச் சில சமயம் முடக்கிவிடும் மருந்து, தேவையற்றவர் உடலிலும் போனது. 1972-இல் கோழிக்கோட்டில் குளோரம்பெனிகாலுக்கு மசியாத டைபாய்டு பரவியது. அதற்குப் பொய்யான முடிவுகளே காரணம் என்று சொல்ல முடியாது. தேவையின்றி ஆன்டிபயாட்டிக் கொடுப்பது கிருமியின் எதிர்ப்பை வளர்க்கும் என்பது மட்டும் உறுதி.

1990-களில் மலேசியாவில் உருவான டைஃபிடாட் போன்ற விரைவுச் சோதனைகளும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன; பொய்யான முடிவு அவற்றிலும் உண்டு. ஒரே ஒரு விடால் அறிக்கையை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளில் எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் அதற்கு மதிப்பு. அதைவிட நம்பகமானது, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்கும் பிளட் கல்ச்சர்.