மெழுகு ஒட்டிய ஊசி

தடையில்லாமல் தொங்கும் காந்தம் வடக்கு தெற்காகத்தான் நிற்கும்னு ஆறாம் வகுப்பில் படிச்சிருப்போம். ஏன்னு நான் கேட்டப்போ, "பூமியே ஒரு பெரிய காந்தம்"னு பதில் வந்தது. அது எப்படித் தெரிஞ்சுதுன்னு யாரும் சொல்லலை. இன்னிக்கு அந்தக் கதை.

1570களின் லண்டன். ராபர்ட் நார்மன் பல வருஷம் கடலில் இருந்துட்டு, கரையில் திசைகாட்டி செய்து பிழைத்தவர். இரும்பு ஊசியைச் சரியாகச் சமன் செய்து முள் மேல் வைப்பார். தராசு மாதிரி நேராக நிற்கும். ஆனால் காந்தக்கல்லில் தேய்த்ததும் வடக்கு முனை கீழே சாயும். தெற்கு முனையில் துளி மெழுகு ஒட்டிச் சரிக்கட்டுவார். வேலை நடந்தது. ஏன் சாயுதுன்னு அவர் தேடலை.

ஒருமுறை ஒரு கருவிக்காகக் கவனமாகச் செய்த ஊசியும் சாய்ந்தது. மெழுகுக்குப் பதிலாக வடக்கு முனையை வெட்டினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசியில் ஊசி குட்டையாகி வீணாப்போச்சு. செம கோபம்! அந்தக் கோபத்தில்தான் தேட ஆரம்பிச்சதாக அவரே எழுதியிருக்கார்.

காந்தம் ஏறினால் எடை கூடுமோ? தராசில் போட்டுப் பார்த்தார், கூடவில்லை. வடக்கு முனையை ஏதோ இழுக்குதோ? தக்கையில் கம்பியைச் செருகி, தண்ணீருக்குள் மிதக்கவிட்டார். கம்பி திரும்பியது, சாய்ந்தது. ஆனால் மூழ்கவும் இல்லை, வடக்கே நகரவும் இல்லை. லண்டனில் சாய்வு கிட்டத்தட்ட 72 டிகிரின்னு அளந்து, 1581-ல் புத்தகமாக வெளியிட்டார். இத்தனைக்கும் தன்னைப் படிக்காத கைவினைஞன்னுதான் சொல்லிக்கிட்டார்.

அடுத்து வந்தவர் வில்லியம் கில்பர்ட், மருத்துவர். காந்தக்கல்லைப் பந்தாகச் செதுக்கி, அதன் மேல் குட்டி ஊசியை நகர்த்தினார். பந்தின் நடுக்கோட்டில் ஊசி படுத்திருந்தது. துருவத்தை நெருங்க நெருங்கச் சாய்ந்தது. துருவத்தில் செங்குத்தாக நின்றது. நார்மன் பார்த்த அதே சாய்வு! அதுவரை துருவ நட்சத்திரம் இழுக்குது, வடக்கே ஒரு காந்த மலை இருக்குன்னெல்லாம் நம்பினாங்க. 1600-ல் கில்பர்ட் எழுதினார்: பூமியே காந்தம்.

இதில் நம்ம ஊர் சமாச்சாரமும் உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகுது. அங்கே ஊசி கிட்டத்தட்ட படுத்தே நிற்கும். அதனாலதான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் வைத்திருக்கு. நார்மன் நெல்லையில் கடை போட்டிருந்தால் மெழுகுக்கு அநேகமாக வேலையே இருந்திருக்காது. கோபமும் வந்திருக்காது!

வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால், பதிலை முதலில் சொல்லிடாதீங்க. தையல் ஊசியை நூலில் சமமாகத் தொங்கவிட்டு, காந்தத்தில் ஒரே திசையில் தேய்த்து, மறுபடி தொங்கவிடச் சொல்லுங்க. டெல்லியில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையையும் செய்யச் சொல்லுங்க. அங்கே நல்லாவே சாயும். ரெண்டு பேரும் போனில் பேசி ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.