எல்லிஸ் பெல்லும் வாசகர் தீர்ப்பும்

ஒரு நூல் வெளியாகும் காலத்தில் அதன்மீது வழங்கப்படும் தீர்ப்பே அந்நூலின் இறுதித் தீர்ப்பாக அமைவது அரிது. தந்தையர் இகழ்ந்த நூலை மைந்தர் போற்றுவதும், தந்தையர் போற்றிய நூலை மைந்தர் பெயரளவிலும் அறியாதிருப்பதும் எல்லா மொழிகளிலும் நிகழ்வனவே. ஆயின், இகழ்ந்தோரும் போற்றினோரும் உண்மையில் ஒரே நூலைத்தான் படித்தனரோ என ஐயுறும்படி ஒரு நூலின் வரலாறு அமையுமாயின், அது சிந்தித்தற்குரியது. எமிலி புறொன்ரே என்னும் ஆங்கிலப் பெண்மணி இயற்றிய 'வதறிங் ஹைற்ஸ்' என்ற நாவல் அத்தகைய வரலாறு உடையது.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோக்சயர் மாகாணத்தில் ஹாவேத் என்னும் சிற்றூர் உண்டு. ஊரைத் தாண்டினால் புதர் படர்ந்த மேட்டுநிலம். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே கடுங்காற்று வீசும். இவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக இருந்தவர் அயர்லாந்திற் பிறந்த பற்றிக் புறொன்ரே. அவருடைய பெண்மக்கள் சாளற், எமிலி, ஆன் என்னும் மூவரும் இளமை தொட்டே கதையும் கவிதையும் எழுதிப் பழகியவர். 1846 ஆம் ஆண்டில் தம் செலவிலேயே ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்டனர். பெண்கள் எழுதிய நூல் என்றால் திறனாய்வாளர் ஒன்று சலுகை காட்டுவர், அன்றேல் ஏளனம் செய்வர் என அஞ்சி, கறர் பெல், எல்லிஸ் பெல், அக்ரன் பெல் என ஆண்பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களைப் பூண்டனர். முதலாண்டில் அத்தொகுதி விலையானது இரண்டே பிரதிகள். சகோதரிகள் மனந்தளராது நாவல் எழுதத் தொடங்கினர்.

எமிலியின் நாவலையும் ஆனின் 'அக்னஸ் கிறே' என்ற நாவலையும் இலண்டன் பதிப்பாளரான தோமஸ் நியூபி ஏற்றுக்கொண்டார். ஆயினும், அச்சுச் செலவுக்காக 50 பவுண் பணத்தை ஆசிரியர்களே முற்படத் தரவேண்டும் என்றார். பணம் பெற்ற பின்னரும் பல மாதங்கள் வேலையைத் தாமதித்தார். 1847 அக்டோபரில் சாளற் எழுதிய 'ஜேன் அயர்' வேறொரு பதிப்பகத்தின் வழியே வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. பெல் என்னும் பெயருக்கு மதிப்பு உண்டாயிற்று என்பதை உணர்ந்த நியூபி, அதே ஆண்டு டிசம்பரில், திருத்தப்படாத அச்சுப்பிழைகள் மலிந்த நிலையில் எமிலியின் நூலை உலகுக்கு அளித்தார்.

நாவலின் கதை இருண்டது. மேட்டுநிலத்துப் பண்ணைவீட்டுக்காரர் ஒருவர் லிவர்ப்பூல் நகரத் தெருவில் அலைந்த அநாதைச் சிறுவனை அழைத்து வந்து ஹீத்கிளிப் எனப் பெயரிட்டு வளர்க்கின்றார். அவருடைய மகள் கதறீன் அச்சிறுவனைத் தன் உயிராகவே கருதுகின்றாள். மகன் ஹின்ட்லியோ அவனை வெறுக்கின்றான்; தந்தை இறந்தபின் கல்வியை மறுத்து ஏவலாளனாக ஆக்குகின்றான். கதறீன் செல்வனான எட்கார் லின்ரனை மணக்கத் துணிகின்றாள். அதனை ஒட்டுக்கேட்ட ஹீத்கிளிப் ஊரைவிட்டு மறைந்து, மூன்றாண்டுகளின்பின் பொருளுடன் மீள்கின்றான். அவன் பழிவாங்கும் முறை வாளால் ஆனதன்று. ஹின்ட்லியைச் சூதாட்டத்தில் ஆழ்த்தி, நிலத்தை ஈடாகப் பெற்று, வீட்டைக் கைப்பற்றுகின்றான். எட்காரின் தங்கையை மணந்து வதைக்கின்றான். கதறீன் பெண்மகவு ஒன்றை ஈன்று இறந்தபின், அவளது ஆவியேனும் தன்னைத் தொடரவேண்டும் என்று வேண்டுகின்றான். பதினெட்டு ஆண்டுகளின்பின், பனி பெய்யும் இரவொன்றில் அவ்வீட்டில் தங்கிய விருந்தினன் ஒருவன், சாளரத்துக்கு வெளியே நின்று உள்ளே விடுமாறு அழும் குழந்தையின் குளிர்ந்த கையைப் பற்றுகின்றான். அது கனவோ ஆவியோ என்பதை ஆசிரியர் இறுதிவரை கூறாது விடுகின்றார்.

இதனைப் படித்த முதல் வாசகர் திகைத்தனர். 'அற்லஸ்' என்னும் இதழ், வெறுக்கவோ இகழவோ தகாத பாத்திரம் ஒன்றேனும் இந்நூலில் இல்லை என எழுதியது. 'எக்சாமினர்' நூலின் ஆற்றலை ஒப்புக்கொண்டதாயினும் அதனைக் குழப்பமானது, நம்பத்தகாதது என்றது. டக்ளஸ் ஜெறல்டின் வார இதழ் சற்று நேர்மையாக நடந்துகொண்டது: கொடுமையையும் பகையையும் கண்டு வாசகர் அருவருப்பர், ஆயினும் தொடங்கியவர் முடிக்காமல் விடமாட்டார் என்று அது கருத்துரைத்தது. 'ஜேன் அயர்' நூலைப் படியுங்கள், இந்நூலை எரித்துவிடுங்கள் என அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று தன் வாசகருக்கு அறிவுரை கூறிற்று.

இவ்வெறுப்புக்குக் காரணம் யாது? அக்காலத்து ஆங்கில வாசகர் கொடியோரைப் பற்றிப் படித்துப் பழகாதவர் அல்லர். பேய்க் கதைகளும் கொலைக் கதைகளும் அந்நாட்டில் ஏராளமாக விற்பனையாகின. ஆனால், அக்கதைகளிலே ஆசிரியர் இடையிடையே தோன்றி, இவன் தீயவன், இவனை வெறுப்பீராக என்று வழிகாட்டுவார். எமிலி அவ்வாறு வழிகாட்ட மறுத்தார். கதையைச் சொல்வோர் ஊருக்குப் புதிய வாடகைக்காரன் ஒருவனும், நெல்லி என்னும் வீட்டுப் பணிப்பெண்ணும் ஆவர். அவ்விருவரும் கண்டதையும் கேட்டதையும் சொல்கின்றனரே அன்றி, நூலாசிரியர் தம் வாயால் எதனையும் சொல்வதில்லை. தீர்ப்புக்கூறும் பொறுப்பு முழுவதும் வாசகர்மேல் விழுந்தது. அப்பொறுப்பைத் தாங்கமாட்டாதவர், கதையில் அறம் இல்லை என்று கூறி ஆசிரியரையே குற்றவாளி ஆக்கினர்.

1848 ஆம் ஆண்டு அக்குடும்பத்துக்குக் கொடிய ஆண்டாயிற்று. செப்டெம்பரில் சகோதரன் பிறான்வெல் மறைந்தான். அதன்பின் எமிலி காசநோய்க்கு ஆளாயினார். நவம்பரில் 'நோர்த் அமெரிக்கன் றிவியூ' என்ற இதழின் மதிப்புரையைச் சாளற் தங்கையர்க்குப் படித்துக் காட்டினார். எல்லிஸ் பெல் என்பவர் முரட்டுத்தனமும் கடுமையும் நிறைந்த ஆண்மகன் என அம்மதிப்புரை சித்திரித்திருந்தது. மூச்சுவிடவும் இடர்ப்பட்டுச் சாய்வு நாற்காலியிலே கிடந்த மெலிந்த பெண்ணாகிய அந்த 'முரட்டு மனிதர்', பாதி வேடிக்கையும் பாதி இகழ்ச்சியுமாகப் புன்னகை செய்தார் எனவும், அருகில் ஆன் தையல் வேலை செய்துகொண்டிருந்தார் எனவும் சாளற் தம் கடிதம் ஒன்றிலே குறித்துள்ளார். டிசம்பர் 19 ஆம் நாள், தமது முப்பதாவது வயதில், எமிலி உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஆனும் மறைந்தார்.

எஞ்சிநின்ற சாளற் தங்கையின் பெயரைக் காக்க முற்பட்டார். அக்காலத்தில், எல்லிஸ் பெல்லும் கறர் பெல்லும் ஒருவரே என்ற வதந்தியும் உலாவியது. 1850 செப்டெம்பரில் சிட்னி டொபெல் என்னும் கவிஞர் இந்நாவலை மனமாரப் பாராட்டினார். ஆனால், அதனைச் சாளற் இளமையில் எழுதியதாகவே கொண்டார். அதே ஆண்டு இறுதியில் சாளற் புதிய பதிப்பொன்றை வெளியிட்டு, ஆசிரியர் யார் என்ற உண்மையை அறிவித்தார். பிழைகளைத் திருத்தினார், ஜோசப் என்னும் பணியாளின் யோக்சயர்க் கொச்சை தென்னாட்டு வாசகர்க்கு விளங்காது எனக் கருதி அதனையும் மாற்றினார். முன்னுரையில், ஹீத்கிளிப்பைப் போன்ற ஒருவனைப் படைப்பது தகுமா என்று வினவி, தகாது என்றே தாம் எண்ணுவதாக எழுதினார். தங்கை உலகறியாதவர், மேட்டுநிலத்தின் பிள்ளை, தாம் செய்வது இன்னதென அறியாமலே செய்துவிட்டார் என்பது அவர் வாதம். இது அன்பினாற் பிறந்த வாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தங்கையின் ஒழுக்கத்தைக் காக்கப் புகுந்த அக்காள், தங்கையின் அறிவை அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டார்.

அவ்வறிவை மீட்டுக் கொடுக்க முக்கால் நூற்றாண்டு சென்றது. 1883 இல் கவிஞர் சுவின்பேண் இந்நாவலைப் பெருந் துன்பியல் நாடகங்களோடு வைத்துப் போற்றினார். 1926 இல் சீ. பீ. சாங்கர் என்னும் வழக்கறிஞர் வெளியிட்ட சிறுநூல் அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. நூலில் ஆண்டு எண்கள் மிகச் சிலவே உள. ஆயினும், பருவங்கள், வயதுகள், நிலவு, அறுவடை ஆகிய குறிப்புகளைக் கொண்டு ஏறத்தாழ எல்லா நிகழ்ச்சிகளுக்கும் காலம் கணிக்க முடியும் என்பதைச் சாங்கர் காட்டினார். இரு குடும்பங்களின் வழிமுறை ஒன்றற்கொன்று நேர்நிகராக அமைந்திருப்பதையும், ஹீத்கிளிப் நிலங்களைக் கைப்பற்றும் முறை கதை நிகழும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வழங்கிய சொத்துரிமைச் சட்டத்துக்குப் பொருந்துவதையும் நிறுவினார். குழப்பமானது என இகழப்பட்ட நூல், கணக்கர் எழுதிய ஏடுபோல ஒழுங்குடையது என்பது அப்போது வெளிப்பட்டது.

ஆனால், பொதுமக்களிடையே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1939 இல் வில்லியம் வைலர் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். லோறன்ஸ் ஒலிவியேயுடன், பம்பாயில் இலங்கைத் தொடர்புடைய குடும்பமொன்றிற் பிறந்த மேள் ஒபறன் நடித்தார். நாவலின் 34 அதிகாரங்களில் ஏறத்தாழ முற்பாதியே படத்தில் இடம்பெற்றது. கதறீனின் மரணத்தோடு கதை முடிந்து, காதலர் இருவரின் ஆவிகளும் பனிமேட்டில் இணைந்து செல்வது இறுதிக் காட்சியாயிற்று. உலகெங்கும் பலர் இக்கதையை அறிந்தது இவ்வகையிலேயே. ஹீத்கிளிப் காதல் நாயகன் ஆனான். குழந்தைகளையும் வதைத்த அவன் கொடுமைகள் மறக்கப்பட்டன. முதல் வாசகர் பழியை மட்டும் கண்டு காதலைக் காணாதொழிந்தனர். பிற்காலத்தவர் காதலை மட்டும் கண்டு பழியைக் காணாதொழிந்தனர். இரு சாராரும் நூலின் பாதியையே படித்தவராவர்.

இரு சாராரும் தவறவிட்ட பகுதி நூலின் பிற்பாதியில் உள்ளது. ஹின்ட்லியின் மகன் ஹேற்றனை எழுத்தறிவு இல்லாதவனாக வளர்ப்பதே ஹீத்கிளிப் எடுத்த பழிகளுள் மிக நுட்பமானது. தனக்குச் செய்யப்பட்டதை அவன் பகைவனின் பிள்ளைக்குச் செய்கின்றான். இறந்த கதறீனின் மகள் அவ்விளைஞனைக் கண்டு முதலில் ஏளனம் செய்கின்றாள். அவன் வெகுண்டு, தான் இரகசியமாகச் சேர்த்த நூல்களைத் தீயில் எறிகின்றான். பின்னர் அவள் தன் தவற்றை உணர்ந்து, ஒரு நூலை வெள்ளைத்தாளிற் பொதிந்து அவனுக்கு அளித்து, தானே படிப்பிக்க முன்வருகின்றாள். இருவரும் ஒரு புத்தகத்தின்மேற் குனிந்திருக்கும் காட்சியை ஹீத்கிளிப் காண்கின்றான். அழிக்கும் ஆற்றல் முழுதும் கையில் இருந்தும், அழிக்கும் விருப்பம் அவனை விட்டு நீங்குகின்றது. சட்டமோ படையோ வெல்லமுடியாத பழியை ஓர் எழுத்துப் பாடம் வென்றது. அறமே இல்லை என்று பழிக்கப்பட்ட நூலின் அறம் இதுவே. அதனை எமிலி வாயாற் கூறாது செயலாற் காட்டினார்.

எமிலி மறைந்தபின் அவருடைய எழுதுமேசைப் பெட்டியுள் ஐந்து மதிப்புரைகளின் நறுக்குகள் காணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அவரைக் கடிந்தவை. இதழின் பெயர் அறியப்படாத நறுக்கு ஒன்று மட்டும் நூலை மனமுவந்து பாராட்டியது. மறுமொழியாக ஒரு வரியேனும் அவர் எழுதி வெளியிட்டதில்லை. இகழ்ச்சியையும் புகழ்ச்சியையும் ஒரே பெட்டியில் ஒருங்கு வைத்துப் பூட்டினார். அவர் கூறவேண்டிய மறுமொழி முழுவதும் நூலிலேயே இருந்தது. அதனை இறுதிப் பக்கம்வரை படிக்கும் பொறுமை உடையோர்க்காக அது காத்திருந்தது.