தணிக்கையாளரின் ஐயுறவு

ஐயுறுபவரைக் குறிக்கும் 'ஸ்கெப்டிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம் உற்று நோக்கி விசாரித்தலையே குறிப்பதாகும்; 'ஆடிட்டர்' என்பதோ, கணக்கை உரக்க வாசிக்கச் செவிமடுத்தவரைச் சுட்டும் லத்தீன் வேரில் பிறந்தது. கேட்பவர் பார்ப்பவராகவும் ஆகவேண்டும் என்ற நியதி, மெக்கெசன் அண்டு ராபின்ஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் ஏட்டில், கனடாக் கிடங்குகளில் இருப்பதாக எழுதியிருந்த சரக்கு வெறும் கற்பனையே என்பது 1938-இல் வெளிப்பட்ட பின்னரே, சரக்கு எண்ணுமிடத்தில் தணிக்கையாளரும் உடனிருக்க வேண்டுமென்ற விதியாக ஊன்றியது.

நிர்வாகியைக் கள்வரென்று முன்கூட்டித் தீர்மானிப்பது ஐயுறவு ஆகாது. யோக்கியரென்று நம்பி அமர்ந்துவிடுவதும் அதற்கு விரோதமே. பாங்கு இருப்புக்கான அத்தாட்சிக் கடிதத்தைக் கம்பெனிக் குமாஸ்தாவின் கையால் வாங்காமல், தாமே பாங்குக்கு எழுதி, பதில் தம் விலாசத்துக்கே நேரே வரச்செய்து, பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் நடைமுறை ரூபம். இந்திய மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் தலைவர், ஏட்டில் காட்டிய ரொக்க, பாங்கு இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை பொய்யென்று 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். பாங்குகளோடான அத்தாட்சிக் கடிதப் போக்குவரத்தை அக்கம்பெனியின் தணிக்கையாளர்கள் தம் கையில் வைத்துக்கொள்ளாததே பெருங்குறை என்று அமெரிக்க விசாரணையில் தெளிவாயிற்று. இத்தனை எளிய காரியம் கைநழுவிப் போனதை எண்ணுந்தோறும் என் மனம் பதைக்கிறது.