சட்டம் தாண்டிச் சென்ற துறைமுகம்

மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்ளும் உரிமையை அரசும் சட்டமும் அடியோடு மறுக்கவேண்டும் என்னும் கோரிக்கையே அடிமை ஒழிப்புவாதம் எனப்படுகிறது. அடிமையிடம் இரக்கம் காட்டுமாறு ஆண்டைக்கு அறிவுறுத்திய பழைய சமய நெறிகள் பெரும்பாலும் அந்த உரிமையைத் தொடவில்லை.

இலங்கையில் 1795-இல் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பிரித்தானியர், ஒல்லாந்தர் காலத்து அடிமை முறையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டனர். இலங்கையின் காப்பிரிப் (ஆப்பிரிக்கர்) படைக்காகக் கோவாவில் ஆப்பிரிக்க அடிமைகளை அரசே விலைக்கு வாங்கியது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டமோ, தன் 64-ஆம் பிரிவில் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் எலினா தீவையும் விலக்கிவைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் உள்ளிட்ட குடியேற்றங்களின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கப்பட்டபோது, கிழக்கின் அடிமைத்தனம் சாதியோடும் வீட்டோடும் பிணைந்தது, ஆதலால் மென்மையானது என்ற வசதியான வாதம் இலங்கையை விலக்கிவைக்கப் போதுமானதாயிற்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைக் கப்பல்களைத் துரத்திப் பிடித்த அதே பிரித்தானியக் கடற்படை, அடிமை உடைமை செல்லுபடியாகும் இத்தீவின் திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது.

உள்ளூரில் கையாளப்பட்ட வழி பிறப்பைக் கொண்டு அடிமை முறையைத் தேயச்செய்வதாகும். யூரி விசாரணையை இத்தீவில் அறிமுகப்படுத்திய பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், யூரிமாராக அமரும் தகுதி பெற்ற உடைமையாளர்களை இணங்கவைத்து, 1816 ஆகஸ்ட் 12-க்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என அவர்களையே தீர்மானிக்கச் செய்தார். யாழ்ப்பாணப் பகுதியில் 1821-இல் வந்த ஒழுங்குவிதி இன்னும் நுட்பமானது: அடிமை நிலை தாய்வழியே தொடர்ந்தமையால், கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதிகளைச் சேர்ந்த அடிமைகளின் பெண்குழந்தைகளைப் பிறந்தவுடனே அரசு இரண்டு, மூன்று இறைசால் (அக்கால நாணயம்) கொடுத்து மீட்டது. இதனால் அடுத்த தலைமுறை விடுபட்டதே தவிர, பெற்ற தாய் அடிமையாகவே இருந்தாள். உரிமையை மறுக்காமல் விலைகொடுத்து வாங்கிய இம்முறையை ஒழிப்புவாதம் என்று அழைப்பது கடினம்.

1844-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே எஞ்சிய அடிமை உடைமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் நிலமும் கிணறும் கோயில் வாசலும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தபடியால், விடுதலை பெற்றோர் அதே வயல்களில் குடிமைத் தொழில் (சாதிவழிப் பணி) செய்து வாழ நேர்ந்தது; சாதியின் பெயரால் பொது இடங்களில் மனிதரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல்தான் இயற்றப்பட்டது.