கம்பம் பள்ளத்தாக்கின் நீலக் கோடு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "நம்ம ஊரைப் பத்தி ஏதாவது எழுதுங்கண்ணே" என்றார்கள். தேனியையும் கம்பத்தையும் வர்ணித்து எழுத நம்மிடையே தமிழ் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வரைபடம். ஆகவே நம் பள்ளத்தாக்கின் வரைபடத்துக்கு நிறம் வந்த கதையையும், இன்று கம்ப்யூட்டரில் அந்த நிறம் தொலைந்து போகிற கதையையும் எழுதுகிறேன். புவியியல் படிக்காத நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்தார்கள். நமக்கு மேற்குச் சுவராக நிற்கிற மலையின் அந்தப் பக்கம் அவர்கள் நடந்து அளந்த காடுதான். பிறகு 1827-ல் 'இந்திய அட்லஸ்' வரிசை தொடங்கியது. தகட்டில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்த தாள்கள் அவை. மலை என்றால் சரிவு நெடுகக் கீறல் கீறலாகப் போட்டிருப்பார்கள். ஆறு, பாதை, எல்லை எல்லாமே ஒரே கறுப்பு.

இதற்கிடையில் நம் பள்ளத்தாக்கே மாறிப்போனது. 1887-ல் தொடங்கிய பெரியாறு அணை வேலையை 1895-ல் பென்னிகுவிக் முடித்தார். மேற்கே போய்க் கடலில் விழுந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணீரால்தான் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் வந்து 10 வருஷம் கழித்து, 1905-ல், நில அளவைத் துறை பல நிறத் தாள்கள் அச்சிடுவதென்று முடிவு செய்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு. காட்டுக்குப் பச்சை, சாகுபடி நிலத்துக்கு மஞ்சள், உயரக் கோட்டுக்குப் பழுப்பு, ஊருக்கும் ரோட்டுக்கும் சிவப்பு. எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றுக்கான விதி. வருஷம் பூராவும் தண்ணீர் ஓடினால் நீலம். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடை என்றால் கறுப்பு. கண்மாய்க்கும் இதே கணக்குத்தான். கோட்டின் வடிவம் ஒன்றேதான். உயிருள்ள ஆறா, காய்ந்த ஓடையா என்பதைச் சொல்வது மை மட்டும்தான். நிறத்தை எடுத்துவிட்டால் 1895-க்கு முன்பும் பின்பும் ஒன்றாகிவிடும்.

இனி இன்றைய கதைக்கு வருவோம். நம் துறை மாணவத் தம்பி ஒருவர் பழைய டோப்போ ஷீட்டின் ஸ்கேனை எடுத்து, பைத்தானில் புரோகிராம் எழுதி, ஆயக்கட்டு விவசாயிகளிடம் காட்டப் படம் தயாரித்தார். நானும் கூடப் போயிருந்தேன். படத்தில் காடு ஊதா, வயல் ஒருவிதப் பாசி நிறம், எழுத்தெல்லாம் மஞ்சள். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இதுல ஆறு எது, ஓடை எது?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்ல முடியாமல் என் முகத்தைப் பார்த்தார். இடம் எல்லாம் துல்லியமாகத்தான் இருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை ஒரு மயிரிழை பிசகவில்லை.

காரணம் இதுதான். இப்படிப்பட்ட ஸ்கேன் கோப்புகள் பலவற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் இருக்காது. 0 முதல் 255 வரை ஓர் எண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற அட்டவணை கோப்பின் தலைப்பகுதியில் தனியே இருக்கும். 'ராஸ்டீரியோ'வில் முதல் பட்டையைப் படித்து அப்படியே 'மேட்பிளாட்லிப்' கையில் கொடுத்தால், அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. எண்களை ஏதோ வெப்பநிலை, மழையளவு என்று நினைத்துக்கொண்டு, சிறியதற்கு ஊதா, பெரியதற்கு மஞ்சள் என்று தன் சொந்தச் சாயத்தைப் பூசிவிடும். 2017-லிருந்து அதன் வழக்கமான சாயம் 'விரிடிஸ்'. உயர வித்தியாசம் காட்ட அருமையான சாயம்தான். இங்கே அதற்கு வேலை இல்லை.

வழி சுலபம். கோப்பிலிருந்தே நிற அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக மாற்றிவிட்டு, பிறகு வரையச் சொல்ல வேண்டும். அப்போது புரோகிராம் தன் சாயத்தைப் பூசாது. அட்டவணையையே சாயமாகக் கொடுப்பதானால், எல்லையை 0 - 255 என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோப்பில் உள்ள எண்களை இழுத்து நீட்டி, எல்லா நிறமும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிடும். நிறமாக மாற்றாமல் எண்களாகவே புதுக் கோப்பில் சேமிப்பதானால் அட்டவணையையும் சேர்த்து எழுத வேண்டும்.

தாள்களை ஒட்டுவதில் இன்னொரு வம்பு இருக்கிறது. தேனி டவுனுக்குச் சற்றுத் தெற்கே 10 டிகிரி அட்சரேகை போகிறது. அதனால் தேனியும் போடியும் 58 எஃப் தாளில், சின்னமனூரும் கம்பமும் 58 ஜி தாளில். பள்ளத்தாக்கை முழுசாகப் பார்க்க இரண்டையும் ஒட்டியே ஆக வேண்டும். பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளத்தை வைத்து வரைந்தவை. இன்றைய அளவைக்கு மாற்றும்போது புள்ளிகள் நகரும். புது இடத்தில் எந்த எண் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடு என்று சொன்னால் தொலைந்தோம். நீலத்தின் எண் 4, கறுப்பின் எண் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6, அது சிவப்பின் எண்ணாக இருந்தால் ஆற்றங்கரையில் திடீரென்று ரோடு முளைக்கும்! "மிக அருகில் உள்ள புள்ளியை எடு" என்பதுதான் இங்கே சரியான கட்டளை. சராசரிதான் வேண்டுமென்றால் முதலில் மூன்று பட்டை நிறமாக மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

தம்பி இரண்டு நாளில் திருத்திக் கொண்டுவந்தார். பெரியவர் விரலை நீலக் கோட்டில் வைத்து லோயர் கேம்பிலிருந்து வீரபாண்டி வரை இழுத்துக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தக் கறுப்பு எங்க தோட்டத்து ஓடை. வெள்ளம் வந்தாத்தான் ஓடும்" என்றார்.

1:50,000 அளவுப் புதிய தாள்களை 2017 முதல் நில அளவைத் துறை இலவசமாகவே இணையத்தில் தருகிறது. பழையவைதான் கிடைப்பது அரிது. 'தேனி மாவட்டம்' என்ற பெயரே அவற்றில் இராது, நாம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996-ல்தானே. 1928-ல் வந்து 2010 முடிய ஓடிய போடி மீட்டர்கேஜ் பாதையையும் அவற்றில் பார்க்கலாம். நண்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் கால ஒரு இன்ச் தாள் இருந்தால் துறையில் கொடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள், நாளாக ஆக அது மஞ்சளாகி வயல் மாதிரியே தெரியும்.