குதிரையும் குருதி அழுத்தமும்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் மருத்துவரல்லர்; டெடிங்டன் என்னும் இங்கிலாந்துச் சிற்றூரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். பெண் குதிரையொன்றை மல்லாக்கக் கிடத்திக் கட்டி, தொடைத் தமனியில் பித்தளைக் குழாய் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழலைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறிற்று. கொடிய சோதனைதான்! ஆயினும் 1733-இல் வெளியிட்ட நூலில், அவ்வுயரத்தைக் குதிரை கிடந்த இடத்திலிருந்து அவர் கணக்கிடவில்லை; அதன் இதயத்து இடக் கீழறையின் மட்டத்திலிருந்தே கணக்கிட்டார்.

1896-இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி கைப்பட்டையை அமைத்தார். 1905-இல் ருஷ்யரான கோரட்காவ், தமனியின் ஒலிகேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். குதிரைகள் பிழைத்தன, இதய மட்டம் என்னும் விதி மட்டும் அப்படியே நின்றது. அமர்ந்திருப்பவரின் கை, மேசைமீது தாங்கலின்றி இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால், அழுத்தம் 7, 8 மில்லிமீட்டர் அதிகமாகத் தெரியும். எல்லையில் நிற்பவரை நோயாளியாக்கி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கவைக்க அவ்வளவே போதும்.